ஓசி-48 இழையில் எத்தனை யூடிஎம்ஏ-4 டிஸ்க் அடங்கும்? 4.71 என்ற விடையைப் பிரித்துப் பார்த்தால்

கேள்வி சுருக்கமாக இதுதான்: பன்னிரண்டு பழைய ஐடிஇ டிஸ்க்குகள் (அகலமான நாடாக் கேபிளில் மதர்போர்டோடு இணைபவை) இருக்கின்றன. ஒவ்வொன்றும் 80 ஜிகாபைட், யூடிஎம்ஏ மோடு 4 (டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வேகத்தின் ஒரு படி). அவற்றில் உள்ளதை ஓசி-48 ஒளியிழை இணைப்பு வழியாக வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அலகு மாற்றும் கருவியில் போட்டால் 1 ஓசி-48 = 4.71 யூடிஎம்ஏ-4 என்று வருகிறது. அப்படியானால் ஐந்து டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டினால் இழை நிரம்பிவிடுமா?

நிரம்பாது. 4.71 என்பது வகுத்தல் கணக்கில் சரி. ஆனால் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே பொருளை அளக்கவில்லை. ஓசி-48-இன் நொடிக்கு 2488.32 மெகாபிட் என்பது எடைமேடையில் ஏறிய லாரியின் மொத்த எடை: வண்டி, தார்ப்பாய், சரக்கு எல்லாம் சேர்ந்தது. யூடிஎம்ஏ-4-இன் நொடிக்கு 66 மெகாபைட் என்பது வெறும் சரக்கு. அதுவும் ஏற்றும் கூடத்தின் கதவு வழியே அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற எண்ணே தவிர, உள்ளே இருப்பவர் எவ்வளவு வேகத்தில் எடுத்துத் தருவார் என்பதல்ல. இரண்டையும் "நொடிக்கு இத்தனை பைட் பயனர் தரவு" என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வகுக்க வேண்டும்.

கணக்குக்குப் போகும் முன் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பிட்டையும் பைட்டையும் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வைத்துப் பிரிக்கிறார்கள். தமிழில் அந்த வசதி கிடையாது. "எம்பி" என்று எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் ஒன்றுதான். எட்டு மடங்கு பிழை நுழைய இந்த ஒரு சொல் போதும். அதனால் இங்கே முழுதாக மெகாபிட், மெகாபைட் என்றே எழுதுகிறேன். மெகா என்றால் எங்கும் 10 லட்சம். வேகமாக வரும் எண்கள் எல்லாம் நொடிக்கு. 1,048,576-ஐக் குறிக்க வேண்டிய இடத்தில் மெபிபைட் என்று தனியாகச் சொல்கிறேன்.

முதலில் டிஸ்க் பக்கம். ஐடிஇ கேபிளில் தரவு 16 கம்பிகளில், அதாவது ஒரு தடவைக்கு 2 பைட்டாகப் போகிறது. பிஐஓ மோடுகளில் (சிபியுவே தரவை நகர்த்தும் பழைய முறை) ஒரு சுழற்சிக்கு ஒரு தடவை: மோடு 0-க்குச் சுழற்சி 600 நானோநொடி, ஆகவே 3.33 மெகாபைட். மோடு 4-க்கு 120 நானோநொடி, ஆகவே 16.67. யூடிஎம்ஏ-வில் கடிகாரத்தின் ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டிலும் தரவு போவதால் ஒரு சுழற்சிக்கு 4 பைட். மோடு 2-இல் சுழற்சி 120 நானோநொடி, 33.3 மெகாபைட், மோடு 4-இல் 60, 66.67, மோடு 5-இல் 40, சரியாக 100, மோடு 6-இல் 30, 133.3. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் 33, 66, 133 எல்லாம் இவற்றின் வால் நறுக்கிய வடிவங்கள்.

அந்த வாலிலேயே முதல் குழப்பம் வந்துவிடுகிறது. 66 × 8 = 528 மெகாபிட் என்று எடுத்தால் 2488.32 ÷ 528 = 4.71. முழு மதிப்பான 66.67-ஐ எடுத்தால் 4.67. கருவி மெகாபைட்டை 1,048,576 பைட் என்று எண்ணினால் 4.49. மூன்று கருவிகளில் போட்டு மூன்று விடை வந்தால் காரணம் இதுதான். ஐடிஇ-க்கு மெபிபைட் கணக்கு பொருந்தவே பொருந்தாது. நானோநொடியிலிருந்து பிறந்த எண் அது, பதின்மக் கணக்கில்தான் வரும்.

இனி இழைப் பக்கம். ஓசி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதில் எதுவும் ஓசி இல்லை. சுமக்கும் ஒவ்வொரு பிட்டிலும் நிர்வாகத்துக்கு ஒரு பங்கு போகிறது. ஓசி இணைப்புகள் ஓடும் முறைக்கு சோனெட் என்று பெயர். அதன் ஃபிரேம் (ஒரு தடவைக்கு அனுப்பும் பைட் கட்டு) ஒவ்வொன்றும் 125 மைக்ரோநொடி, நொடிக்கு 8000. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 முறை அளந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. அடிப்படை ஃபிரேம் 9 வரிசை, 90 நெடுவரிசை, மொத்தம் 810 பைட்; 810 × 8 × 8000 = 51.84 மெகாபிட். இதுவே ஓசி-1. மற்றவை எல்லாம் இதன் மடங்குகள்: ஓசி-3 155.52, ஓசி-12 622.08, ஓசி-48 2488.32, ஓசி-192 9953.28. இந்தியாவில் வாடகை இணைப்பு எடுப்பவர்கள் எஸ்டிஎம் என்ற பெயரையே கேட்டிருப்பார்கள்: ஓசி-3-இன் வேகம்தான் எஸ்டிஎம்-1, ஓசி-12 எஸ்டிஎம்-4, ஓசி-48 எஸ்டிஎம்-16. மூன்றால் வகுத்தால் போதும்.

எஸ்டிஎம்-1 ஃபிரேமை விரித்துப் பார்த்தால் 270 நெடுவரிசைகள். அதில் 9 மேலாண்மைக்கு, இன்னும் 1 பாதையின் மேலாண்மைக்கு. மிச்சம் 260. ஆகவே சரக்கு 260 × 9 × 8 × 8000 = 149.76 மெகாபிட். ஓசி-48 ஒரே குழாயாக இணைத்துத் தரப்பட்டால் இதன் 16 மடங்கு, 2396.16 மெகாபிட். போன பங்கு 92.16 மெகாபிட், அதாவது நொடிக்கு 11.52 மெகாபைட். பிஐஓ மோடு 3 டிஸ்க் ஒன்றின் முழு வேகமே 11.1தான். ஒரு பழைய டிஸ்க்கையே ஃபிரேமின் ஓரத்தில் தொலைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரே குழாயாக" என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. ஒப்பந்தத்தில் ஓசி-48 என்று மட்டும் இருக்கிறதா, பின்னால் இணைப்பைக் குறிக்கும் "சி" எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி இல்லாவிட்டால் உள்ளே நான்கு ஓசி-12 தனித்தனியாக இருக்கலாம். அப்போது ஒரு தரவோட்டம் எவ்வளவு முயன்றாலும் 599.04 மெகாபிட்டைத் தாண்டாது. எஸ்டிஎம்-1 வாங்கினவர்களுக்கு இதைவிட மோசமாக நடக்கும்: அதை 63 ஈ1-களாக (சிறிய தொலைபேசித் தடங்களாக) பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு ஈ1 2.048 மெகாபிட், அதிலும் 32 நேரத்துண்டுகளில் ஒன்று ஒத்திசைவுக்குப் போய் 1.984. 63-ஐயும் கட்டிச் சேர்த்தால்கூட 125 மெகாபிட்தான், 149.76 என்று போட்ட கணக்கு அங்கேயே தவறிவிடும்.

அடுத்த கழிவு பாக்கெட்டில். சோனெட் மேல் பிபிபி (பாக்கெட்டைச் சுற்றும் உறை), அதன் மேல் ஐபி (முகவரி), டிசிபி (தொலையாமல் வரிசையாகச் சேர்ப்பது) என்று போகும் வழக்கமான அமைப்பில் 1500 பைட் ஐபி பாக்கெட்டுக்குப் பிபிபி உறை 9 பைட்: கொடி (பாக்கெட்டின் எல்லையைக் காட்டும் பைட்) 1, முகவரியும் கட்டுப்பாடும் 2, நெறிமுறை 2, சரிபார்ப்பு 4. உள்ளே ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20. ஆக 1509 பைட் அனுப்பினால் உங்கள் கோப்பின் பங்கு 1460, அதாவது 96.75 சதவீதம். இன்னொரு சில்லறைச் செலவும் உண்டு. தரவுக்குள் கொடி பைட்டையோ, மறைப்பைக் குறிக்கும் பைட்டையோ போலவே ஒரு பைட் வந்துவிட்டால் அதை மறைத்து இரண்டு பைட்டாக அனுப்புவார்கள். 256 மதிப்புகளில் 2-க்கு இது நடப்பதால், சுருக்கப்பட்ட கோப்பு போன்ற சீரற்ற தரவில் சராசரியாக 0.8 சதவீதம் வீங்கும். எல்லாம் கழித்தால் ஓசி-48-இல் கையில் நிற்பது 2300 மெகாபிட், நொடிக்கு 287.5 மெகாபைட். பாக்கெட் அளவை 4470 பைட்டாக வைக்க முடிந்தால் தலைப்புகளின் பங்கு குறையும். ஆனால் பாதையில் எங்கோ ஓர் ஈதர்நெட் பகுதி இருந்தால் 1500-க்கே வந்துவிடும்.

இப்போது வகுக்கலாம். 287.5 ÷ 66.67 = 4.31. கருவி சொன்ன 4.71-க்கு எட்டரை சதவீதம் குறைவு.

இதே கணக்கை மற்ற இணைப்புகளுக்கும் போட்டால் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஏணி கிடைக்கிறது. ஓசி-1-இல் பயனர் தரவு 5.8 மெகாபைட், பிஐஓ மோடு 1-க்கு (5.2) சற்று மேலே. 100 மெகாபிட் ஈதர்நெட் 11.9, பிஐஓ மோடு 3. ஓசி-3 கிட்டத்தட்ட 18, பிஐஓ மோடு 4. ஓசி-12 71.9, யூடிஎம்ஏ-4. ஜிகாபிட் ஈதர்நெட் 118.7, யூடிஎம்ஏ-5-க்கும் 6-க்கும் நடுவில். ஓசி-48 287.5, இரண்டாம் தலைமுறை சாட்டாவின் (ஐடிஇ-க்கு அடுத்து வந்த டிஸ்க் இணைப்பு) 300-க்கு ஒரு படி கீழே. ஓசி-192 சுமார் 1150, மூன்றாம் தலைமுறை சாட்டா இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இது ஒன்றும் திட்டமிட்ட பொருத்தம் இல்லை, தற்செயல்தான். ஆனால் கையேடு இல்லாத நேரத்தில் கைகொடுக்கும்.

சாட்டா, ஃபைபர் சேனல் (சேமிப்பகங்களை இணைக்கும் வலை), ஜிகாபிட் ஈதர்நெட் இழை மூன்றிலும் இன்னொரு மறைவான வகுத்தல் இருக்கிறது. ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்பும் குறியீடு அது. சாட்டாவின் 1.5 ஜிகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 187.5 வரும், சரியான விடை 10-ஆல் வகுத்து வரும் 150. ஃபைபர் சேனலின் முதல் தலைமுறை 1.0625 ஜிகாபாட் (குறியீட்டு பிட்டுகளும் சேர்ந்த எண்), ஆகவே 106.25, ஃபிரேம் தலைப்பும் இடைவெளியும் போக 103 மெகாபைட். ஜிகாபிட் ஈதர்நெட் இழையில் ஓடுவது 1.25 ஜிகாபாட், ஆனால் அதன் பெயரிலேயே கழிவு போன எண்தான் இருக்கிறது. அதே 8/10 குறியீட்டுக்கு ஒருவர் கழிக்கும் முன்னால் உள்ள எண்ணையும் இன்னொருவர் கழித்த பின் உள்ள எண்ணையும் விளம்பரம் செய்தால் வாசகர் என்ன செய்வார்? 10 ஜிகாபிட்டில் குறியீடு 64/66 ஆகிவிடுவதால் கழிவு 3 சதவீதம்தான். அங்கே வேறொரு பொறி இருக்கிறது: சோனெட்டோடு ஒத்துப்போகும், தொலைதூர வலைக்கான "வான்" வகைப் போர்ட் எடுத்தால் வேகம் 10 அல்ல, 9.29 ஜிகாபிட்.

இதுவரை கதவின் அகலம். டிஸ்க்குக்குள் இருப்பதைப் பார்த்தால் 4.31-உம் கலைந்துவிடும்.

யூடிஎம்ஏ-4 என்பது டிஸ்க்கின் பஃபருக்கும் (தற்காலிக நினைவகம்) மதர்போர்டுக்கும் இடையே உள்ள வேகம். தட்டிலிருந்து தலை படிக்கும் வேகம் வேறு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் அந்தக் காலத்து 80 ஜிகாபைட் டிஸ்க் வெளிவிளிம்பில் 50 முதல் 60 மெகாபைட் தரும். உள்விளிம்புக்குப் போகப் போகச் சுற்றளவு குறைந்து 30-க்கு இறங்கும். முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படித்தால் சராசரி 45 என்று வைத்துக்கொள்ளலாம். 287.5 ÷ 45 = 6.4. அதாவது நல்ல நிலையில் உள்ள ஏழு டிஸ்க் இடைவிடாமல் ஓடினால்தான் அந்த இழை நிரம்பும்.

வரிசையாகப் படிக்காமல் சின்னச் சின்னக் கோப்புகளாக எடுத்தால் நிலைமை பரிதாபம். தலை நகர 9 மில்லிநொடி, பாதிச் சுற்றுக்கு 4.2 மில்லிநொடி, ஆக ஒரு வாசிப்புக்கு 13 மில்லிநொடி. 4096 பைட் துண்டாக எடுத்தால் நொடிக்கு 76 துண்டு, 0.31 மெகாபைட், 2.5 மெகாபிட். ஓசி-48 எங்கே, இது எங்கே! ஓர் ஈ1-ஐ நிரப்பிவிட்டு இன்னொன்றில் கால்வாசி. அதனால்தான் பழைய டிஸ்க்கிலிருந்து கோப்பு கோப்பாக நகலெடுக்காமல் முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பமாக (முதல் செக்டார் முதல் கடைசி வரை ஒரே நகல் கோப்பாக) எடுக்கச் சொல்வது.

கேபிளில் நடக்கும் தவறுகளையும் பார்த்துவிட வேண்டும். வேகக் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் பொய்க்கிறது. யூடிஎம்ஏ மோடு 3-உம் அதற்கு மேலும் ஓட 80 கம்பிக் கேபிள் தேவை. இணைப்பான் பழையபடி 40 பின்தான். கூடுதல் 40 கம்பிகள் தரைக்கம்பிகள், பக்கத்துக் கம்பியின் சத்தம் ஏறாமல் தடுப்பவை. கையில் கிடைத்த 40 கம்பிக் கேபிளைப் போட்டால் டிஸ்க் ஓடும், ஆனால் மோடு 2-க்கு இறங்கி 33-இல் நிற்கும். அடையாளம் எளிது: 80 கம்பியின் நாடாவில் கோடுகள் மயிரிழைபோல மெல்லியதாக இருக்கும், இணைப்பான்கள் வழக்கமாக நீலம், சாம்பல், கறுப்பு. நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (கேபிளின் முதல் டிஸ்க்). கேபிள் 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடையில் கிடைக்கும் உருண்டைக் கேபிள், நீளமான கேபிள் எல்லாம் அழகுக்குத்தான்.

கேபிள் சுமாராக இருந்தால் சரிபார்ப்புப் பிழைகள் வரும். ஸ்மார்ட் அட்டவணையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே எழுதிவைக்கும் பதிவு) 199-ஆம் பண்பு இதைத்தான் எண்ணுகிறது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி இதில் இன்னும் கறார்: அத்தகைய பிழைகள் ஆறு சேர்ந்ததும் ஒரு மோடு இறக்கும், இப்படியே இறங்கி இறங்கி பிஐஓ-வில் போய் உட்காரும். கேபிளை மாற்றின பிறகும் தானாக ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி துவக்க வேண்டும். நகலெடுக்கும்போது சிபியு 100 சதவீதம் காட்டி, வேகம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் நேரே இங்கே வந்து பாருங்கள்.

ஒரே கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு டிஸ்க் போட்டால் 66.67 இரண்டுக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதுவும் ஒரு திசையில்தான். ஓசி-48-க்கோ போக 2488, வர 2488. அலகு மாற்றும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரே கேபிளில் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால் பாதி வேகம்தான் என்பதும் இதே காரணத்தால்.

ஸ்கசி (இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அல்ட்ரா-160 பஸ்ஸில் (சாதனங்கள் பகிரும் பொதுப் பாதை) டேப் டிரைவ் போன்ற பழைய ஒற்றை முனைச் சாதனம் ஒன்றைச் செருகினால் பஸ் முழுவதும் 40 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும், குடும்பத்தில் ஒருவருக்குச் சளி பிடித்த மாதிரி. டேப் டிரைவைத் தனி அட்டையில் போடுங்கள்.

பிறகு பிசிஐ, அதாவது மதர்போர்டில் அட்டைகளைச் செருகும் பொதுப் பாதை. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ-யின் மொத்தக் கொள்ளளவு 133 மெகாபைட், அதுவும் எல்லா அட்டைகளுக்கும் சேர்த்து. ஐடிஇ அட்டையும் ஜிகாபிட் நெட்வொர்க் அட்டையும் ஒரே பிசிஐ-யில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் அந்தப் பாதையை இரண்டு முறை கடக்கும்: டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு, நினைவகத்திலிருந்து நெட்வொர்க்குக்கு. பாதியாக்கி, பஸ்ஸுக்கான போட்டியையும் கழித்தால் 50 மெகாபைட் கிடைத்தால் நல்லது. சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும் ஐடிஇ போர்ட்டுக்குப் பல மதர்போர்டுகளில் தனிப் பாதை உண்டு. அங்கே இந்தச் சிக்கல் குறைவு. யூஎஸ்பி 2.0 மாற்றி வைத்துப் படிக்கிறவர்களுக்கு 480 மெகாபிட் என்ற எண் 60 மெகாபைட் என்று தோன்றும்; நடைமுறையில் 30 முதல் 40.

இனி தூரம். இழை எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பது சில சமயம் முக்கியம். இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி எடுக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிளில் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிநொடி, போய் வர 32. டிசிபி-யில் ஒரு சன்னல் அளவு தரவை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். பழைய கணினியில் சன்னல் விரிவாக்கம் இல்லாமல் 65,535 பைட்டிலேயே நின்றால் 65,535 ÷ 0.032 = நொடிக்கு 2.05 மெகாபைட். இழை ஓசி-48 ஆனாலும் சரி, ஓசி-192 ஆனாலும் சரி, 2.05-தான். பிஐஓ மோடு 0 கூட 3.33 தரும்.

இந்தத் தூரத்துக்கு ஓசி-48-ஐ நிரப்ப வேண்டுமானால் சன்னல் 287.5 × 0.032 = 9.2 மெகாபைட் வேண்டும்; இரு முனைகளிலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பஃபரின் உச்சவரம்பை 16 மெகாபைட்டுக்கு மேல் வையுங்கள். எஸ்எஸ்எச் (மறைகுறியீட்டு இணைப்பு) வழியாக அனுப்பினால் அது தனக்கென்று உள்ளே ஒரு சன்னல் வைத்திருக்கிறது. கர்னலில் எவ்வளவு ஏற்றினாலும் அதைத் தாண்டாது. ஒரே நேரத்தில் நான்கைந்து தரவோட்டங்களாகப் பிரித்து அனுப்புவது சுலபமான வழி.

ஃபைபர் சேனலில் இதே நோய்க்குப் பெயர் வேறு: பஃபர் கிரெடிட், அதாவது ஒப்புதல் வரும் முன் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற எண். முழு ஃபிரேம் 2148 பைட், 1.0625 ஜிகாபாட்டில் அதை அனுப்ப 20 மைக்ரோநொடி, அதாவது இழையில் ஒரு ஃபிரேம் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும். போய் வரும் தூரத்தை நிரப்ப 2 கிலோமீட்டருக்கு ஒரு கிரெடிட். 50 கிலோமீட்டருக்கு 25 வேண்டும். போர்ட்டில் 8-தான் இருந்தால் வேகம் 32 மெகாபைட்டுக்கு விழும். சுவிட்சில் எந்தப் பிழையும் காட்டாது, விளக்கு பச்சையாகவே எரியும். வேகம் இரட்டித்தால் தேவையும் இரட்டிக்கும்: 2 ஜிகாபிட்டுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்று, 4 ஜிகாபிட்டுக்கு இரண்டு.

ஃபைபர் சேனலை சோனெட் வளையத்தில் ஏற்றுபவர்களுக்கு: 1 ஜிகாபிட் ஃபைபர் சேனலுக்கு 6 விசி-4 (விசி-4 என்பது எஸ்டிஎம்-1-இன் சரக்குப் பெட்டி; ஆறும் சேர்ந்து 898.56 மெகாபிட்), ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு 7 விசி-4 (1048.32). எஸ்டிஎம்-16-இல் 16 விசி-4 இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டால் 13 போய் 3 மிஞ்சும். ஈதர்நெட் மட்டும் என்றால் இரண்டுதான் ஏறும், "2.5 ஜிகாபிட் வளையத்தில் ஒரு ஜிகாபிட் போர்ட் இரண்டரை ஏறும்" என்ற கணக்கு செல்லாது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். டிஸ்க் வேகம் அளக்கும் எச்டிபார்ம் கருவியின் சின்ன எழுத்து டி தேர்வுதான் டிஸ்க்கைப் படிக்கும் சோதனை. பெரிய எழுத்து டி போட்டால் நினைவக வேகம் ஆயிரக்கணக்கில் வரும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். எச்டிபார்ம் காட்டும் மெகாபைட் உண்மையில் மெபிபைட், 1.0486-ஆல் பெருக்குங்கள். 55 என்று காட்டினால் 57.7. நகலெடுக்கும் டிடி கருவி பதின்ம மெகாபைட்டில் காட்டும். இணைப்பை அளக்கும் ஐபெர்ஃப் இரண்டையும் கலந்து கட்டும்: பிட் வேகம் பதின்மத்தில், பைட் அளவு இருமத்தில். ஜிகாபிட் ஈதர்நெட்டில் ஒரே வரியில் 941 மெகாபிட் என்றும் 112 மெகாபைட் என்றும் காட்டும். 941-ஐ 8-ஆல் வகுத்தால் 117.6 ஆயிற்றே, 5 எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். அது எங்கும் போகவில்லை, மெபிபைட் ஆகியிருக்கிறது. தலைப்புகளைக் கழித்துக் கணக்கில் வரும் 949-க்குப் பதில் 941 வருவது டிசிபி நேரமுத்திரை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 12 பைட் எடுப்பதால்.

உங்கள் பன்னிரண்டு டிஸ்க்குக்கு வருகிறேன். மொத்தம் 960 ஜிகாபைட். 287.5 மெகாபைட் வேகத்தில் இழைக்கு 56 நிமிட வேலை. ஆனால் டிஸ்க்கைப் படிக்க, ஒன்றுக்கு 80,000 ÷ 45 = 1778 நொடி, அரை மணி நேரம். ஒவ்வொன்றாகப் படித்தால் ஆறு மணி நேரம். படிக்கும் கை மெதுவாக இருக்கும்போது இழையோடு நேராக இணைத்து ஓட்டுவதில் பயன் இல்லை. அதோடு, பழைய டிஸ்க் கெட்ட செக்டாரில் மாட்டினால் பல நொடி அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் டிசிபி ஓட்டம் ஓய்ந்து, மறுபடி மெதுவாகத் தொடங்கி ஏற வேண்டும்.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். மதர்போர்டிலேயே இரண்டு ஐடிஇ சேனல் உள்ள இரண்டு கணினிகள், ஒவ்வொரு சேனலிலும் 80 கம்பிக் கேபிளில் ஒரே ஒரு டிஸ்க், மாஸ்டராக. ஒரே நேரத்தில் நான்கு படிக்கலாம், மூன்று சுற்றில் முடியும்: டிஸ்க் மாற்றும் நேரத்தோடு இரண்டு மணி நேரம். பிம்பங்களைச் சாட்டாவில் உள்ள எஸ்எஸ்டி-யில் இறக்குங்கள். பிசிஐ அட்டை வழியாகப் போகும் சாட்டா வேண்டாம், முன்னே சொன்ன இரட்டைக் கடத்தல் வந்துவிடும். டிடி-க்குப் பதில் டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும், எது விட்டுப்போனது என்று வரைபடக் கோப்பும் வைக்கும்.

படித்து முடித்த பிறகு அந்த எஸ்எஸ்டி-களை 10 ஜிகாபிட் போர்ட் உள்ள ஒரு கணினியில் செருகி அனுப்புங்கள். ஜிகாபிட் போர்ட் வழியாக அனுப்பினால் 118-இல் நின்றுவிடும். இழையில் பாதிக்கு மேல் காலியாகவே ஓடும், 56 நிமிடம் இரண்டே கால் மணி நேரமாகும். அனுப்பும் முன் ஒவ்வொரு பிம்பத்துக்கும் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து, அந்தப் பக்கம் வந்ததும் ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போகும் வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்.